(அ) பிரிவுக்கு என் பதில்

நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து கேள்வி கேட்கிறார், மந்திரி எழுந்து பதில் சொல்கிறார். தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு மந்திரி எல்லாம் தெரிந்தவர் போலத் தோன்றும். எங்கோ ஒரு மாவட்ட அலுவலகத்தில், சாப்பாட்டுத் தூக்கோடு பஸ்ஸில் வந்து இறங்கும் ஓர் உதவியாளர் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் வாசிக்கிறார். பதினோரு வருடம் அந்த உதவியாளர் நான். காரைக்குடியில் வீடு, சிவகங்கைப் பக்கம் வேலை. எந்தத் துறை, எந்தக் கட்டடம் என்று சொல்லப்போவதில்லை.

கேள்வி டில்லியிலிருந்து சென்னை வழியாக எங்களிடம் வந்து சேரும்போது பகல் பதினோரு மணி ஆகிவிடும். இன்று மாலை நான்கு மணிக்குள் பதில் வேண்டும் என்று தலையில் போட்டிருக்கும். கேள்வி எப்போதும் துண்டு துண்டாக வரும். (அ) பிரிவில், இப்படி ஒன்று நடந்ததா என்று கேட்பார்கள். (ஆ), (இ), (ஈ) என்று தொடர்வதில் எப்படி நடந்தது, எத்தனை பேருக்குக் காயம், என்ன நடவடிக்கை என்பதெல்லாம் இருக்கும். (அ)வுக்கு ‘ஆம்’ என்று எழுதினால் தொலைந்தோம். தாலுகா தாலுகாவாகப் போன் போட்டு விவரம் வாங்கிச் சாக வேண்டும். ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் மீதி அத்தனைக்கும் ‘கேள்வி எழவில்லை’ என்று ஒரே வரி போதும். ‘இல்லை’ எழுத வழி கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அலுவலகத்தில் என்னைப் ‘பார்லிமெண்ட் அக்கா’ என்று கேலியாகக் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

நான் பிறந்த ஊர் குன்றக்குடியைத் தாண்டி இருக்கிறது. எங்கள் தெரு நிலம் வைத்திருக்கிற தெரு. கண்மாய்க்குக் கிழக்கே இருக்கிற தெரு எங்கள் நிலத்தில் வேலை பார்த்த தெரு. இன்று அவர்கள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள், எங்கள் பிள்ளைகள் பைக்கில் சுற்றுகிறார்கள். எங்கள் ஆட்களுக்கு வயிறு எரிவதற்கு அதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை.

ஆனி மாதம் ஊரில் புரவி எடுப்பு. மண்ணில் செய்து சுட்ட குதிரைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அய்யனார் கோயிலில் வைக்கும் திருவிழா. நேர்ந்துகொண்ட குடும்பம்தான் தன் புரவியைத் தூக்க வேண்டும். கீழத்தெருவுக்கு மட்டும் வேறு முறை வைத்திருந்தோம். அவர்கள் தங்கள் புரவியைக் கண்மாய்க் கரைவரை தூக்கி வந்து இறக்கிவிட வேண்டும். அங்கிருந்து கோயிலுக்கு எங்கள் தெரு ஆண்கள் தூக்குவார்கள். புரவிக்கு உரியவன் கரையில் நின்றபடி கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். சின்ன வயதில் எனக்கு இது ஒரு பெரிய மனிதத்தனம் போலத் தோன்றியிருக்கிறது, பாவம் அவர்களுக்காக நாம் சுமக்கிறோமே என்று. நினைத்தால் இப்போது கூசுகிறது.

அந்தத் தெருவில் ஒரு கொத்தனார். ஆத்தங்குடிக் கல் பதிப்பதில் கைதேர்ந்தவர். சிங்கப்பூரில் இருக்கும் என் கணவர் அனுப்பிய பணத்தில் நான் கட்டிய காரைக்குடி வீட்டுக்குத் தரை போட்டவர் அவர்தான். ஒரு மாதம் என் வீட்டில் குத்தவைத்து உட்கார்ந்து, கல்லுக்குக் கல் நூல் பிடித்துப் பதித்தார். அவருடைய ஒரே மகள் சிறுவயதில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவள். அப்போது அய்யனாருக்கு ஒரு புரவி நேர்ந்திருந்தார். மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம் அதைச் செலுத்த முடிவு செய்தவர், கோயில்வரை நானே தூக்குவேன் என்று சொல்லிவிட்டார். மகள் எழுதிய மனுவின் பேரில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. இரு தரப்பும் உட்கார்ந்து, அவரே தூக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் தெரு சார்பில் போட்டவர்களில் என் தம்பியும் ஒருவன்.

கையெழுத்துப் போட்ட நான்காம் நாள் புரவி எடுப்பு. நான் மாவிளக்குத் தட்டோடு கண்மாய்க் கரையில், பெண்கள் வரிசையில் நின்றேன். கொத்தனார் காப்புக் கட்டி விரதமிருந்த உடம்போடு, முன்பக்கம் தோள் கொடுத்துப் புரவியைத் தூக்கி வந்தார். கரையில் இறக்கவில்லை. கரையைத் தாண்டி இரண்டு அடி எடுத்து வைத்தார்.

என் தம்பி புளியமரத்துக்குப் பின்னாலிருந்து அரிவாளோடு வந்தான். முதலில் புரவியை வெட்டினான். சுட்ட மண் ஒரே வெட்டில் உடைந்து தலை கீழே விழுந்தது. அடுத்த வெட்டு கொத்தனார் கழுத்துக்குப் போனது. அவர் வலது கையைத் தூக்கித் தடுத்தார். தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் இருந்தன. மற்ற மூன்றும் புரவியின் உடைந்த கழுத்துப் பக்கத்தில் மண்ணில் கிடந்தன. அவர் குனிந்து இடது கையால் அவற்றைப் பொறுக்கப் போனார், அப்போது ஒருவன் கட்டையால் முதுகில் அடித்தான். பிறகு எங்கள் தெருவே இறங்கியது. விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே மிதித்தார்கள். ஒரு கிழவரின் காதைக் கல்லால் நசுக்கினார்கள். கீழத்தெருவில் மூன்று கூரை எரிந்தது, கட்டியிருந்த ஒரு கன்று கூரையோடு எரிந்தது.

நான் தட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தம்பியின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தான். உதடு கிழிந்தது. அவன் கன்னத்தில் அறைந்தேன். அவன் சிரித்தான். இந்த இடத்தோடு நிறுத்தினால் நான் நல்லவளாகத் தெரிவேன். நிறுத்த முடியாது. அரை மணி நேரம் கழித்து எங்கள் வீட்டுக் கொல்லையில் அம்மா அடிபம்பில் அரிவாளைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். ரத்தச் சட்டையை வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்தாள். அந்தச் சட்டையைத் தம்பி மேலிருந்து கழற்றி அம்மா கையில் கொடுத்தது நான்.

வழக்குப் பதிவானது. குடிபோதையில் புரவியோடு தவறி விழுந்ததில் உடைந்த ஓடு கிழித்து விரல்கள் துண்டாயின என்று எழுதப்பட்டது. யார் சொல்லி யார் எழுதினார் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கள்ளைக்கூடத் தொடாத மனிதர் அவர். காப்புக் கட்டியவன் குடித்தான் என்று எழுதுவதற்கு, அவன் கும்பிட்ட சாமி முகத்தில் காறித் துப்பியிருக்கலாம்.

ஆடியில் நாடாளுமன்றம் கூடியது. ஒருநாள் பகல் பதினோரு மணிக்கு வந்த கேள்வியைத் திறந்தேன். (அ) பிரிவில் எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது. இந்தக் கிராமத்தில் கோயில் விழாவின்போது ஒரு சமூகத்தினர் மற்றொரு சமூகத்தினரைத் தாக்கியது அரசின் கவனத்துக்கு வந்துள்ளதா என்று கேட்டிருந்தார்கள். கொத்தனாரின் மகள் ஆஸ்பத்திரியில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தபடியே யார் யாருக்கோ மனு எழுதியிருக்கிறாள், அதில் ஒன்று ஓர் உறுப்பினர் கைக்குப் போயிருக்கிறது. அந்த ஊர் என் ஊர் என்று எங்கள் கண்காணிப்பாளருக்குத் தெரியாது. நான் சொல்லி, வேறு ஆளிடம் கொடுங்கள் என்றிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை.

மதியம் ஒரு மணிக்குக் கொத்தனார் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கேள்வி வந்திருப்பதை உறுப்பினரின் ஆட்கள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பதில் எழுதுகிற இடத்தில் ஊர்ப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள் என்ற நம்பிக்கையில் பஸ் ஏறியிருக்கிறார். வராந்தாவில் நின்றோம். கட்டுப் போட்ட கையைத் துண்டால் மூடியிருந்தார். நான் உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், அவர் உட்காரவில்லை.

“தாயி, நீங்க கரையில நின்னு பாத்தீக. உங்க தம்பி பேரு வேணாம். ஒருத்தர் பேரும் வேணாம். நடந்துச்சுன்னு மட்டும் எழுதுங்க. காப்புக் கட்டிட்டுக் குடிச்சு விழுந்தான்னு எழுதி வச்சிருக்காக. நாஞ் செத்தாலும் அந்தக் காயிதம் சாகாதுல்ல.”

பார்க்கிறேன் என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் இடது கையை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். ‘ஆம்’ என்று எழுதினால் போலீஸ் வழக்கைத் திரும்ப எடுக்க வேண்டும், எடுத்தால் தம்பி உள்ளே போவான். அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு இருக்கிற ஒரே ஆண்பிள்ளை. ‘இல்லை’ என்று வெறுமனே எழுதினால் பச்சைப் பொய், நாளைக்கு என் தலையில் விடியும். என் பத்து வருட மூளை வேலை செய்தது. மகள் மனுவில் எழுதியிருந்தது பஸ்ஸில், ரேஷன் கார்டில், கல்யாணப் பத்திரிகையில் இருக்கும் ஊர்ப் பெயர். வருவாய்க் கணக்கில் அப்படி ஒரு கிராமம் கிடையாது. எங்கள் ஊர் பக்கத்துக் கிராமத்தின் உட்கடை, அதாவது அதற்குள் அடங்கிய சிற்றூர். கணக்கில் தாய்க் கிராமத்தின் பெயர்தான் இருக்கும். அந்தக் கணக்குகளைப் புரட்டுகிறவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். ‘அப்பெயரில் வருவாய்க் கிராமம் ஏதும் இல்லை. எனவே இல்லை’ என்று (அ)வுக்கு எழுதினேன். (ஆ) முதல் (உ) வரை கேள்வி எழவில்லை என்று முடித்தேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கண்காணிப்பாளர் படித்துவிட்டு, பார்லிமெண்ட் அக்கா என்றால் சும்மாவா என்று சிரித்தார். இரண்டரைக்கே அனுப்பிவிட்டோம்.

அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்தே அம்மாவுக்குப் போன் செய்து, இனிமேல் பயமில்லை, நான் இப்படி எழுதிவிட்டேன் என்று சொன்னேன். அம்மா அழுதாள். நானும் ஏதோ தியாகம் செய்தவள் மாதிரி அழுதேன். என்ன ஒரு ஈனப்பிறவி.

அந்தப் பதில் டில்லியில் அவையின் மேசையில் வைக்கப்பட்டு, அச்சாகி, இணையத்திலும் ஏறிவிட்டது. அடுத்த வருடம் ஆனி பிறந்ததும் கொத்தனார் மறுபடி ஒரு புரவி செய்யச் சொல்லிக் குயவரிடம் மண் கொடுத்தார். அவருக்கு வேறு வழியில்லை. உடைந்த புரவி சாமிக்குச் சேராது, நேர்த்தி பாக்கி நிற்கும். மகள் போலீஸ் பாதுகாப்புக் கேட்டு மனுப் போட்டாள். அதற்கு வந்த பதிலில், அவ்வூரில் அத்தகைய நிகழ்வு எதுவும் நடைபெறவில்லை என நாடாளுமன்றத்திலேயே தெரிவிக்கப்பட்டுள்ளது என்று சொல்லி, என் பதிலின் நகலை இணைத்திருந்தார்கள். பேச்சுவார்த்தையும் இல்லை, போலீசும் இல்லை. எங்கள் தெருப் பையன்கள் அதே நகலைப் பெரிதாக்கி, ஃப்ளெக்ஸ் அடித்துப் புளியமரத்தில் கட்டியிருந்தார்கள். அரசாங்கக் கடிதத்துக்குப் பக்கத்தில் என் தம்பி கூலிங்கிளாஸ் போட்டு நின்றான்.

நான் அந்த வருடம் மாவிளக்கு எடுக்கவில்லை. தடுக்கலாம் என்று போனேன். கொத்தனார் இடது தோளில் தூக்கி வந்தார், வலது பக்கம் மகள் தோள் கொடுத்தாள். கரையில் நான் தம்பிக்கு முன்னால் போய் நின்று, அவர்களைப் போகவிடு, இல்லாவிட்டால் நானே போலீசுக்குப் போன் செய்வேன் என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கீழத்தெரு ஆட்களைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

“போன வருசம் ஒண்ணும் நடக்கலன்னு எங்கக்காதான் எழுதுச்சு. இந்த வருசமும் எழுதும்.”

கொத்தனார் புரவியின் வயிற்றுக்கு அடியிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அதுவரை அவர் நான் எழுத முயன்றிருப்பேன், மேலே யாரோ மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அவர் வாய் திறப்பதற்குள் கட்டை விழுந்தது. புரவியின் காலைத்தான் முதலில் அடித்தார்கள். அது மகள் மேல் சாய்ந்தது. அவள் விழுந்த பிறகும் இரும்புக் குழாயால் தலையில் அடித்தான் ஒருவன், நான் தூக்கி வளர்த்த சித்தப்பா மகன். கொத்தனார் மகள் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். அவர் முதுகில் விழுந்த அடிகளை நான் எண்ணிக்கொண்டிருந்தேன், ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை. அவர்களுக்கு நடுவே நான் புகுந்தபோது என் மேலும் இரண்டு விழுந்தது. தம்பிதான் வேகமாக என்னை இழுத்து வெளியே தள்ளினான். அக்கா மேல அடிக்காதீங்கடா என்று அவன் கத்தியது எனக்கு அடியைவிட வலித்தது.

மகளுக்குத் தலையில் தையல் போட்டார்கள். பிழைத்தாள். தையல் பிரிப்பதற்கு முன்பே அவள் எழுதிய மனுவில், இந்த முறை வருவாய்க் கிராமத்தின் பெயர், உட்கடையின் பெயர், கண்மாயின் சர்வே எண்வரை எல்லாம் சரியாக இருந்தன. கல்லூரியில் படிக்கிற பிள்ளை, என் சூதை ஒரு வருடத்தில் படித்துவிட்டாள். ஆடியில் கேள்வி வந்தது. (ஆ) பிரிவு புதியது: சென்ற ஆண்டு இப்பொருளில் அளிக்கப்பட்ட பதில் தவறானது என்பது உண்மையா?

கண்காணிப்பாளர் போன வருடத்துக் கோப்பை எடுத்து வந்து என் மேசையில் வைத்து, இதை வைத்து அதே பதிலை அடித்துவிடு என்றார். நான் தட்டச்சு செய்தேன். (அ) ஆம், இரண்டு ஆண்டுகளும். (ஆ) ஆம். (இ) பிரிவில் விரல்களிலிருந்து கன்றுவரை எழுதினேன். (ஈ) பிரிவில் தாக்கியவர்களின் பெயர்களை எழுதினேன், முதல் பெயர் தம்பியுடையது. சென்ற ஆண்டின் தவறான பதிலை எழுதியவர் இப்பதிலை எழுதும் உதவியாளரே என்றும் எழுதினேன். கண்காணிப்பாளர் படித்துவிட்டு வெளுத்துப்போனார். இதை அனுப்பினால் உன் வேலை போகும், என் பென்ஷனும் போகும் என்றார். அதிகாரியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவர் மாடி ஏறியபோது, அலுவலக மின்னஞ்சலிலிருந்து நானே சென்னைக்கு அனுப்பினேன். மூன்று மணிகூட ஆகவில்லை.

மறுநாள் என்னைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். நகல் எப்படியோ வெளியே போய்விட்டதால் அதை மறைக்க முடியவில்லை. போலீஸ் ஊருக்குள் போனது. சித்தப்பா மகன் பிடிபட்டான், தம்பி ஓடிவிட்டான்.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு அவன் என் வீட்டுக்கு வந்தான். நான் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கதவு திறந்துதான் கிடந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கொத்தனார் போட்ட அந்தத் தரையில் வெறுங்காலோடு நடந்து வந்தான். சவரம் செய்யாத முகம். முதுகுப் பக்கம் சட்டைக்குள் அரிவாள் வைத்திருந்தான். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

“எம்பேரை எழுதுனது நீதானா?”

“ஆமா.”

அவன் கை முதுகுப் பக்கம் போனது. இல்லை என்று நான் சொல்லியிருந்தால் போயிருப்பான் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். முதல் வெட்டு இடது தோளில் இறங்கியது. நான் திரும்பியதால் இரண்டாவது முதுகில் பட்டது. மூன்றாவது தரையில் விழுந்து ஒரு கல் இரண்டாகப் பிளந்தது. கீரைமேல் என் ரத்தம் கொட்டுவதைப் பார்த்துவிட்டு அவனே ஓ என்று கத்தினான். அரிவாளைப் போட்டுவிட்டு, செருப்பையும் விட்டுவிட்டு ஓடினான். எதிர்வீட்டு ஆச்சி ஆட்டோ பிடித்து என்னை ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அம்மா என் காலடியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு போலீஸ்காரர் நின்றபடி எழுதிக்கொண்டிருந்தார். மருந்து மயக்கத்தில் இருந்த எனக்கு அம்மாவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

“கூடத்துல தண்ணி கெடந்துருக்குய்யா. கால் வழுக்கி அருவாமனை மேல விழுந்துட்டா.”

போலீஸ்காரர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். குடும்ப விஷயம், அவருக்கும் வேலை சுருக்கம். வராந்தாவில் துண்டால் கையை மூடிக்கொண்டு நின்ற கொத்தனார் எனக்கு ஞாபகம் வந்தார். சார், அந்த வரியை அடித்துவிடுங்கள் என்றேன். அம்மா என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒத்தப் பிள்ளைடி எனக்கு, அவனும் போனால் நான் யாரைப் பார்ப்பேன் என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அந்தக் கைகளை உதறவும் இல்லை.

“விழல சார். வெட்டு. போன வருசம் கொத்தனாரு விரலை வெட்டுனதும் அதே ஆளுதான். ரெண்டையும் நான் பாத்தேன், ரெண்டையும் எழுதுங்க.”

அவர் முதலில் எழுதிய வரியை அடித்தார். வெட்டிய ஆளின் பெயரைக் கேட்டார், சொன்னேன். அவன் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். அதையும் சொன்னேன்.